மேலக்கரையும் உறங்குற வீடும்

1

தம்பி மாசியில் எழுதிய கடிதம் பங்குனிக் கடைசியில்தான் எனக்கு வந்து சேர்ந்தது. கப்பல் தபாலில் வருகிற சேதி எதுவும் பாதி ஆறிப்போய்த்தான் வரும். இது மட்டும் சூடு குறையாமல் வந்தது.

ஊரில் படிப்பகம் திறந்துவிட்டார்களாம். சுதந்திரம் வந்த நாளிலிருந்து பேசிப் பேசியே கிடந்த காரியம். இரண்டு பெஞ்சு, ஒரு அலமாரி, மூன்று பத்திரிகை. சாயல்குடியில் கடைப்பலகை எழுதுகிற ஓவியர் ஒருவரைக் கூட்டிவந்து, எங்கள் ஊருணி வெட்டிய கதையைச் சுவர் முழுக்கப் படமாக எழுத வைத்திருக்கிறார்கள். பத்து நாளும் அவருக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு.

"அண்ணே, உடைமரத்து நிழலில் நம் பூட்டன் படுத்திருக்கிறார். மண் சுமக்கக் கொடுத்த கூடையைக் கவிழ்த்துத் தலைக்கு வைத்திருக்கிறார். பூட்டன் முகம் யாருக்குத் தெரியும்? அதனால் அய்யாவின் போட்டோவைப் பார்த்து எழுதச் சொன்னேன். அச்சு அசல் அய்யாவேதான். கிட்டப்போய் நின்றால் குறட்டை கேட்கும்போல இருக்கிறது. ஊரே வந்து பார்த்துச் சிரிக்கிறது!" என்று எழுதியிருந்தான்.

அவனுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். எனக்குச் சுருக்கென்றது. ஊர்ப்பாட்டில் வருஷா வருஷம் சிரித்தது போதாது என்று இப்போது சுவரிலுமா? அதுவும் எங்களைப் பெற்ற அய்யா முகத்தோடா? கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். அன்று முழுக்க டைப் அடித்ததில் பாதி தப்பு.

2

இதைப் படிக்கிறவர்களில் வெள்ளூருணிப் பக்கம் வந்திராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உப்பளத்துக்கும் பனங்காட்டுக்கும் நடுவில் இருக்கிற ஊர். கிணறு தோண்டினால் கடல்தண்ணிதான் ஊறும். குடிக்கிற தண்ணிக்கு ஊருணி ஒன்றுதான் கதி. அதை எங்கள் பூட்டன்மார் காலத்தில் ஊரே கூடி வெட்டியது. வெட்டி முடித்த வருஷம் காட்டாற்றில் வெள்ளம் வந்துவிட்டது. உடனே மேற்குப் பக்கத்துக் கரையை உடைத்துத் தண்ணியை உள்ளே விட வேண்டும். கிழக்குக் கரை பிய்த்துக்கொண்டு போகாமல் காவல் காக்க வேண்டும். வெட்டிய பாடும் அந்த ஒரு விடியற்காலைப் பாடும்தான் எங்கள் ஊரின் சரித்திரம் முழுவதும்.

அதை ஒயிலாட்டப் பாட்டாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். சித்திரா பௌர்ணமிக்கு ஆண்கள் காலில் சலங்கையும் கையில் வண்ணத் துணியுமாக வரிசை கட்டி நின்று ஆடுவார்கள். ஆட்டம் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார் பாடுவார்.

மண்வெட்டி எடுத்துக்கிட்டு மந்தைக்கெல்லாம் சேந்துவாங்க
மேலக்கரை உடைச்சிருவோம் விடியுமுன்னே கூடிவாங்க
கீழக்கரை காவலுக்கு நாலாளு நிறுத்திவைங்க
உள்ளவந்து சேந்ததெல்லாம் ஊருக்கெல்லாம் பங்குவைங்க

ஒவ்வொரு வீட்டுக்கும் பாட்டில் ஒரு வரி உண்டு. ஒருவர் வண்டி கொடுத்தார், ஒருவர் இரண்டு ஆள் மண் சுமந்தார், ஒருவர் கம்பங்கூழ் காய்ச்சி ஊற்றினார். வீட்டுக்கு வீடு பெருமை. எங்கள் வீடு வரும்போது மட்டும் மேளம் நிற்கும். வாத்தியார் காதில் கைவைத்துக்கொண்டு ராகமாக இழுப்பார்.

கூடைகூடை மண்சுமந்து கூட்டமெல்லாம் வேர்த்துநிக்க
உடைமரத்து நெழலுக்குள்ள உறங்குனது யாரு யாரு?

ஆடுகிறவர்கள், பார்க்கிறவர்கள், பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறவர்கள் எல்லோரும் எங்கள் பக்கமாகத் திரும்பிக்கொண்டு ஒரே குரலில் கத்துவார்கள்.

ஊர்காவலன் தானே தானே! உசுப்பிவிட்டா வைவார் தானே!

எங்கள் பூட்டன் பெயர் ஊர்காவலன். பெயரைப் பாருங்கள், செய்த வேலையைப் பாருங்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு 'உறங்குற வீடு' என்றே பேர். பூட்டன் ஒரு கூடை மண்கூடச் சுமக்காததற்கு அபராதமாக, ஒயில் ஆடுகிற அன்று ஊருக்கெல்லாம் கருப்பட்டிப் பானக்கம் கரைத்துக் கொடுப்பது எங்கள் வீட்டின் முறை. எல்லோரும் கத்தியதும் அய்யா எழுந்து நாலு திசைக்கும் ஒரு கும்பிடு போடுவார். அப்புறம் அகப்பையை எடுத்துக்கொண்டு பானைக்கருகில் போய் உட்காருவார். வாயெல்லாம் பல்லாக இருக்கும். எனக்கோ காதெல்லாம் எரியும். பள்ளிக்கூடத்தில் நான் ஒரு கொட்டாவி விட்டால் போதும், வகுப்பே "தானே தானே" என்று ஆரம்பித்துவிடும்.

பத்தொன்பது வயதில் நாகப்பட்டினத்தில் கப்பலேறினேன். பாதி காரணம் பிழைப்பு. மீதி பாதி, என்னை யாருக்கும் தெரியாத ஒரு ஊரில் நிம்மதியாகக் கொட்டாவி விடலாம் என்பது.

3

மலாயாவில் நானிருக்கும் ஊர் சின்ன ஊர்தான். நடுவில் ஒரு சந்தை, கிழக்கே ஒரு பேங்கு, மேற்கே ஒரு பேங்கு, சுற்றிலும் ரப்பர்த் தோட்டம். அதில் ஒரு தோட்டத்து ஆபீசில் நான் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. காலையில் சைக்கிளில் போனால் நாலு பேர் இறங்கி நின்று வணக்கம் சொல்லுவார்கள். சாயல்குடிப் பக்கத்துக் குடும்பங்கள் இருபது இங்கே இருக்கின்றன. அவர்கள் மட்டும் இறங்குவதில்லை. "என்ன உறங்குற வீட்டுக்காரரே, இன்னைக்கு முழிப்புத்தானா?" என்பதுதான் அவர்கள் வணக்கம். யாருக்கும் தெரியாத ஊர் என்று வந்தேன். எனக்கு முந்தின கப்பலிலேயே பாட்டு வந்து இறங்கியிருந்தது.

அதைக் கொண்டுவந்தவர் முனியாண்டி மாமா. ரயில்வே பட்டறையில் பிட்டர். எழுதப் படிக்கத் தெரியாது; பாட்டு முழுவதும் நெஞ்சில் இருக்கிறது. வருஷா வருஷம் சித்திரா பௌர்ணமிக்கு மாரியம்மன் கோயில் திடலில் அவர்தான் வாத்தியார். ஒத்திகை எங்கள் வீட்டுக் கொல்லையில். பானக்கம் என் மனைவி ராக்கம்மா கரைப்பது.

என் மகள் வள்ளிமயிலுக்குப் பதின்மூன்று வயது. இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். அங்கே வள்ளி என்ற பெயர் டீச்சரம்மா வாயில் நுழையாமல் 'வேலி' ஆகிவிட்டது. ஒருநாள் வீட்டுக்கு வந்த கூட்டாளிப் பெண், "வேலி இருக்கா?" என்று கேட்க, ராக்கம்மா கொல்லைப்பக்கம் கூட்டிப்போய் முள்வேலியைக் காட்டினாள். நான் என் தகப்பனாரை அய்யா என்றேன். இவள் என்னைப் பப்பா என்கிறாள். ஒத்திகைக்கு வந்து உட்காரச் சொன்னால், "ஹோம்வொர்க் இருக்கு லா, பப்பா" என்று சன்னலோரம் புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுவாள். தலையே நிமிராது. இந்தப் பாட்டு இவளோடு முடிந்தது என்று நினைத்துக்கொள்வேன். உள்ளதைச் சொன்னால், எங்கள் வரியைப் பொறுத்தவரை அதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது.

4

இங்கே இப்போது அவசரகாலச் சட்டம். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், ரோட்டில் சோதனை. நாலு பேர் கூடிப் பஜனை பாடவும் போலீஸ் அனுமதி வேண்டும். போன வருஷம் வரை ஒரு மனு எழுதிப் போட்டால் முடிந்தது. இந்த வருஷம் பாடப்போகிற பாட்டை முழுவதும் இங்கிலீஷில் எழுதிக் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. மாமா பாடப் பாட ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தமிழில் எழுதிக்கொண்டேன். மறுநாள் ஆபீஸ் டைப்ரைட்டரில் இங்கிலீஷில் அடித்தேன். வண்டி கொடுத்த வீடு, கூழ் ஊற்றிய வீடு எல்லாம் ஒழுங்காக வந்தன. எங்கள் வரி வந்ததும் விரல் நின்றுவிட்டது. சட்டைப் பையில் தம்பியின் கடிதம். இந்தக் காகிதத்தைப் படிக்கப்போகிற வெள்ளைக்காரத் துரை நாளைக்கே தோட்டத்துத் துரையோடு தேநீர் குடிப்பார். பெரிய கிராணியின் பூட்டனார் தூங்கிய கதை இரண்டு பிஸ்கெட்டுக்கு நடுவே பேசப்படும். வேண்டுமா இது?

சுற்றிலும் பார்த்தேன். அந்த மூன்று வரியையும் விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன். யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். பாடும்போது மாமா எப்போதும்போல முழுசாகத்தான் பாடுவார். காகிதத்தில் மட்டும் இருக்காது. அவ்வளவுதானே.

5

மூன்றாம் நாள் ஆபீசுக்கே ஜீப் வந்து என்னை ஏற்றிக்கொண்டு போனது. மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு இளம் துரை. கையில் என் காகிதம். சிவப்புப் பென்சிலால் அங்கங்கே கோடு.

"மேற்கு பேங்கை எப்போது உடைப்பதாக உத்தேசம்?" என்று கேட்டார்.

எனக்குக் கேள்வி சரியாகப் புரியவில்லை. "அதை உடைத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது, சார்."

"உடைத்தது யார்?"

"எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும்."

"எல்லோரையும் பிடித்தார்களா?"

"இல்லை சார். கூழ் ஊற்றினார்கள்."

துரை பென்சிலைக் கீழே வைத்தார். "உள்ளே என்ன இருந்தது?"

"தண்ணீர், சார்."

சுவரோரம் நின்ற தமிழ்க் கான்ஸ்டபிள் இருமினார். சிரிப்பை அடக்குகிற இருமல் அது. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. கரைக்கும் பேங்குதான், காசு போட்டு வைக்கிற இடத்துக்கும் பேங்குதான். அது வெள்ளைக்காரன் செய்த சிக்கனம். நான் கரை வந்த இடத்திலெல்லாம் பேங்கு என்று அடித்து வைத்திருந்தேன். எழுதியதை நீங்களே துரையின் கண்ணால் படித்துப் பாருங்கள். மண்வெட்டியோடு வாருங்கள், விடியுமுன் மேற்கு பேங்கை உடைப்போம், கிழக்கு பேங்குக்கு நாலு பேரைக் காவல் வையுங்கள், உள்ளே இருப்பதையெல்லாம் எல்லோருக்கும் பங்கு போடுங்கள். இந்த ஊரில் மேற்கே ஒரு பேங்கு, கிழக்கே ஒரு பேங்கு. பாவம், சந்தேகப்படாமல் என்ன செய்வார்? முந்தின நாளிலிருந்தே மேற்கு பேங்கு வாசலில் இரண்டு துப்பாக்கிக்காரர்கள் நின்றதைக் காலையில் நானே பார்த்திருந்தேன். யார் வீட்டுப் பணமோ என்று நினைத்துக்கொண்டு போனேன்.

மையொற்றும் தாளில் ஊருணியை வரைந்து காட்டினேன். இது மேற்கு, இது ஆறு, இது வெள்ளம். துரைக்கு மெல்ல விளங்கியது. விளங்கியபின் அவர் சிரித்த சிரிப்பில் முகம் இன்னும் சிவந்துவிட்டது. வாசலுக்கு வந்து கை கொடுத்தார். அனுமதியில் கையெழுத்தும் போட்டார். ஆனால் அடியில் ஒரு வரி சேர்த்துவிட்டார்: எழுதிக் கொடுத்தபடியே பாட வேண்டும், ஒரு சொல் கூடக் கூடாது, ஒரு சொல் குறையவும் கூடாது. பொழுது சாயுமுன் முடிக்க வேண்டும். தமிழ் தெரிந்த கான்ஸ்டபிள் காகிதத்தோடு வந்து உட்காருவார்.

காகிதத்தில் இல்லாதது பாட்டிலும் இருக்கக் கூடாது. நான் அதை நினைக்கவே இல்லை.

6

முனியாண்டி மாமாவிடம் சொல்லாமல் தீராது. பட்டறை வாசலில் போய் நின்று சொன்னேன். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஏன் மாப்ள, நூறு வருசமா அந்த மனுசன யாரும் எழுப்பலையே. வெள்ளைக்காரன் காயிதத்துக்குப் பயந்து நீயே எழுப்பி வெரட்டிவிட்டுட்டியேப்பா!"

"இந்த ஒரு வருஷம்தான் மாமா."

"ஒரு வருசமா? நாளைக்கு அடுத்த வருசத்துக்கும் இந்தக் காயிதத்தத்தான் எடுத்து நீட்டுவாங்க. பெறவு இதான் பாட்டு. சரி போ. நா வாரேன்" என்றவர், திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார். கோபித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

வீட்டில் ராக்கம்மா கருப்பட்டியை உடைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த கல்லை வைத்துவிட்டாள்.

"அப்பப் பானக்கம் எதுக்கு? உறங்குனவரு இல்லைன்னா அபராதம் எங்கன இருந்து வந்துச்சு?"

"ஒரு மரியாதைக்குக் கொடுப்போம்."

"யாரு வீட்டு மரியாதை? வண்டி கொடுத்த வீடு இருக்கு, கூழு ஊத்துன வீடு இருக்கு. பாட்டுல உறங்குனவரு போயிட்டா நாம யாரு வீடுங்க? ஊருணி வெட்டுன அன்னைக்கு நாம அங்கன இருந்தோம்னு யாரு சொல்லுவா?"

அவள் பேசிவிட்டுத் திரும்பவும் கருப்பட்டியை உடைக்க ஆரம்பித்தாள். அய்யா கடைசியாக ஊரில் பானக்கம் ஊற்றிய வருஷம் நான் இங்கே இருந்தேன். அவர் சாவுக்கும் நான் போகவில்லை. யுத்தத்தில் கப்பல் இல்லை. அவரிடமிருந்து எனக்கு மிச்சமிருந்தது அந்தக் கும்பிடும் சிரிப்பும்தான். அதைத்தான் டைப்ரைட்டரில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். மறுபடி போலீசுக்குப் போகலாமென்றால் மறுநாளே பௌர்ணமி, புது மனு எழுதிக் கையெழுத்து வாங்க நாள் இல்லை.

7

மாலை நாலு மணிக்குத் திடல் நிறைந்துவிட்டது. இருபது குடும்பம் என்று பேர். பார்க்க வந்தது இருநூறு பேர். பேங்கு கதை ஊரெல்லாம் பரவியிருந்தது. மேற்கு பேங்கில் வேலை பார்க்கிற சீனக் கிராணிகூடக் குடும்பத்தோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கான்ஸ்டபிளுக்கு ஒரு நாற்காலி. மடியில் காகிதம்.

மேளம் எழும்பியது. "மேலக்கரை உடைச்சிருவோம்" என்று மாமா எடுத்ததும் ஒரே விசில். சீனக் கிராணி எழுந்து நின்று கைதட்டினார். சலங்கைக் கால்கள் மண்ணைக் கிளப்பின. வீடு வீடாக வரி வந்தது. அந்தந்த வீட்டார் தலையை நிமிர்த்திக்கொண்டார்கள். நான் பானக்கப் பானைக்கருகில் அகப்பையோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ராக்கம்மா. ஒருநாளுமில்லாத அதிசயமாக, டம்ளர் அடுக்க வந்த வள்ளிமயில்.

கூழ் ஊற்றிய வீடு முடிந்தது. மேளக்காரர் கை பழக்கத்தில் நின்றுவிட்டது. ஆடுகிறவர்கள் பழக்கத்தில் எங்கள் பக்கமாகத் திரும்பிவிட்டார்கள். மாமா காதில் கைவைத்தவர், நினைவு வந்து கையை இறக்கினார். கான்ஸ்டபிளின் விரல் காகிதத்தில் அடுத்த வரியில் காத்திருந்தது. அந்த நேரத்தில் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அப்போது என் காதருகே ஒரு சின்னக் குரல் எழும்பியது. ழகரம் கொஞ்சம் சறுக்கியது; ராகம் சறுக்கவில்லை.

"கூடைகூடை மண்சுமந்து கூட்டமெல்லாம் வேர்த்துநிக்க… உடைமரத்து நெழலுக்குள்ள உறங்குனது யாரு யாரு?"

வள்ளிமயில்! கையில் டம்ளரோடு நின்று பாடுகிறாள். மாமாவைப் போலவே ஒரு கை காதில்.

அடுத்த நொடி திடலே இடிந்தது. "ஊர்காவலன் தானே தானே! உசுப்பிவிட்டா வைவார் தானே!" இவ்வளவு சத்தமாக வெள்ளூருணியில்கூட நான் கேட்டதில்லை. சொல் புரியாத சீனக் கிராணியும் "தானே தானே" என்றார். மாமா துணியை வானத்துக்கு வீசினார்.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றேன்.

"வருஷா வருஷம் கொல்லையில கத்துறீங்க. காது இருக்குல்ல, பப்பா?" என்றாள். "ராஜா பேரை விட்டுட்டாங்கன்னுதான் நான் பாடினேன்."

"ராஜாவா? யாரு?"

"ஊர்காவலன்தான். மத்தவங்க பேரை வாத்தியார் மட்டும்தானே பாடுறாரு? இவர் பேரை மட்டும் எல்லாரும் பாடுறாங்க. அப்போ இவர்தானே ராஜா?"

முப்பது வருஷமாக என் காதை எரித்த சத்தத்தை இவள் இப்படியா கேட்டிருக்கிறாள்! நான் எழுந்தேன். வேட்டியைச் சரிசெய்துகொண்டு, அய்யாவைப் போல நாலு திசைக்கும் ஒரு கும்பிடு போட்டேன். ராக்கம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று கேட்கவில்லை.

கான்ஸ்டபிள் நாற்காலியை விட்டு எழுந்து நேரே என்னிடம் வந்தார். மேளம் தயங்கியது. காகிதத்தை என் முன் நீட்டினார்.

"பெரிய கிராணி, இந்த வரி இதில் இல்லையே. யாருடைய வரி இது?"

"எங்க வீட்டு வரிங்க" என்றேன். "வருஷா வருஷம் கட்டியாகணும். இந்த வருஷம் நான்தான் ஏய்க்கப் பார்த்தேன்."

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பானக்கத்தைப் பார்த்தார். ஒரு டம்ளர் வாங்கி மடக் மடக்கென்று குடித்துவிட்டு, காதிலிருந்து பென்சிலை எடுத்தார். காகிதத்தின் ஓரத்தில் எழுதத் தொடங்கினார். பூட்டன் பெயரை எப்படி எழுதுவது என்று அவர் கேட்க, வள்ளிமயில் ஒவ்வொரு எழுத்தாக இங்கிலீஷில் சொன்னாள்.

8

தம்பிக்குப் பதில் எழுதிவிட்டேன். படம் பிரமாதமாயிருக்கும், சந்தேகமில்லை. ஒரே ஒரு குறைதான். அந்த ஓவியரை இன்னொரு நாள் கூட்டிவந்து நல்ல சாப்பாடாகப் போடு, கூடை தலைக்குக் குத்தும், அய்யாவுக்கு ஒரு தலையணை எழுதச் சொல் என்று எழுதியிருக்கிறேன்.